தொழுநோயும் இரத்தத்தின் சாட்சியமும்

தேமலைத் தொட்டறிதல்

ஒரு துளி இரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால் எந்த வியாதிக்கும் மறுநாளே விடை வந்துவிடும் என்ற நம்பிக்கை ஜனங்களிடையே வேரூன்றிவிட்ட இக்காலத்திலும், தொழுநோயை நிர்ணயிக்க வந்த வைத்தியர் முதலில் கையிலெடுப்பது ஒரு பஞ்சுத் திரியைத்தான். வெளிறியோ சிவந்தோ காணும் தேமலின்மீது அதன் நுனியால் மெல்லத் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளியைத் தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்கிறார். சுற்றியுள்ள நல்ல சருமத்தில் தவறாது வந்து நின்ற விரல், தேமலுக்குள் தொட்டபோது மட்டும் மடியை விட்டு அசையவில்லையென்றால், அதுவே போதிய சாட்சியம். முழங்கையின் உட்புறத்து அல்னார் நரம்பு தடித்து அது பரவும் இடம் மரத்துப்போவதும், காதுமடலைச் சிறிது கீறி எடுத்த திசுநீரில் சாயமேற்றிய கிருமிகள் உருப்பெருக்கியில் தென்படுவதும் ஏனைய இரண்டு பிரதான லட்சணங்கள்.

ஆயினும் இரத்தத்தை நாடுவது ஏன்?

1873ஆம் ஆண்டில் நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற வைத்தியர் கண்ட தொழுநோய்க் கிருமியை இன்றளவும் எந்தக் கண்ணாடிப் பாத்திரத்திலும் வளர்க்க இயலவில்லை. இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய 12 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளும் அது, உடலுக்குள் புகுந்து சராசரியாக 5 ஆண்டுகளும், சிலரிடம் 20 ஆண்டுகளும் கழிந்த பிறகே வெளிப்படுகிறது. தேமலும் மரப்பும் தோன்றாத அந்த நீண்ட இடைக்காலத்தில் விரல்களால் அறியக்கூடியது எதுவுமில்லை.

பி.ஜி.எல்.-1

அமெரிக்கக் கண்டத்து ஓடுடைய விலங்கான அர்மடில்லோவின் ஈரலில் பெருகிய கிருமிகளிலிருந்து, 1980களின் தொடக்கத்தில் பினாலிக் கிளைகோலிப்பிட்-1 (பி.ஜி.எல்.-1) என்ற கொழுப்புப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் சர்க்கரைத் தொடர் தொழுநோய்க் கிருமிக்கே விசேஷமாக உரியதாதலால், அதற்கெதிராக உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் பரிசோதனை பிறந்தது.

தொழுநோயின் கிருமி மிகுந்த வகையில் இச்சோதனை பெரும்பாலோரிடம் எதிர்ப்பொருளைக் காட்டுகிறது. கிருமி குறைந்த வகையிலோ, உடல் எதிர்ப்பொருளைவிட வெள்ளணுக்களைக் கொண்டே போராடுவதால், பலரிடம் மௌனம் சாதிக்கிறது. காதுமடல் கீறலிலேயே கிருமி அகப்படுகிறவரிடம் உரக்கப் பேசிவிட்டு, ஒற்றைத் தேமலோடு வந்து நம்மைத் திகைக்க வைப்பவரிடம் வாயடைத்து நிற்கும் சாட்சியை எவ்வளவு தூரம் நம்புவது? போதாக்குறைக்கு, எதிர்ப்பொருள் காணப்பட்ட ஆரோக்கியவான்களில் மிகப் பலருக்கு நோய் வருவதேயில்லை. நோய் நிர்ணயத்துக்கென வழக்கமான முறைகளுக்கு மேலாக எந்தப் பரிசோதனையையும் உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைக்காதது நியாயமே.

வீட்டாரின் இரத்தம்

என் அபிப்பிராயத்தில், இரத்தக் குறிகளின் பிரயோஜனம் நோயாளியைவிட அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடமே அதிகம். பிரேஸில் அரசு, விரல்நுனி இரத்தத்தைச் சிறு பட்டையில் இட்டுப் பார்க்கும் துரிதச் சோதனையை நோயாளியின் வீட்டாருக்கென்றே தன் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் சேர்த்தது. யாரை அடிக்கடி அழைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு அது துணையே தவிரத் தீர்ப்பன்று. வங்காளதேசத்தில் 5,000க்கு மேற்பட்ட தொடர்புடையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், பின்னர் நோயுற்றவர்களின் இரத்தத்தில் நான்கு மரபணுக்களின் இயக்கம் முன்கூட்டியே மாறியிருந்ததைக் கண்டனர். இண்டர்பெரான் காமா, ஐ.பி.-10 போன்ற வெள்ளணுச் சமிக்ஞைகளை எதிர்ப்பொருளோடு சேர்த்து அளந்தால், கிருமி குறைந்த வகையும் அகப்படலாம் என்ற நோக்கில் ஆராய்ச்சி நடந்துவருகிறது.

இவை கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நோய் உறுதியானவர்க்கு ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் ஆகிய கூட்டு மருந்துகள் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவரோடு வாழ்வோருக்கு, தொழுநோயும் காசமும் இல்லையென்று பார்த்தபின், தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் தரப்படுகிறது. அதற்கு இரத்தம் எடுக்க வேண்டியதில்லை.