மேரி இன்னும் இடியாத கேமரா

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இன்று வெள்ளை வெளேரென்று நிற்கும் மேரி என்ற நகராட்சிக் கட்டடம் புதிது. 19ஆம் நூற்றாண்டில் எழும்பிய அசல் மேரி, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே சாயலில் மறுபடியும் கட்டினார்கள். ஆனால் அசல் மேரி இன்னும் இடியாமல் நிற்கும் இடங்கள் ஊருக்குள் நிறைய உண்டு. பீரோ லாக்கரிலும் டி.வி. ஸ்டாண்டின் கீழ் டிராயரிலும் சார்ஜரோடு சுருண்டு கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமராக்களைத்தான் சொல்கிறோம்.

பெரும்பாலும் 2000க்குப் பிந்தைய பத்து வருடங்களில் வீட்டுக்குள் வந்தவை அவை. புதுச்சேரிக்கு இதில் தனிக்கணக்கும் உண்டு. பாரீஸிலிருந்து லீவுக்கு வரும் சித்தப்பா கையில் ஒரு கேமரா இருக்கும்; திரும்பும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போவார். வைத்திக்குப்பம் மாசிமகத் தீர்த்தவாரி, பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று போர் நினைவுச் சின்னத்தின் எதிரே மெடல் குத்திக்கொண்டு நிற்கும், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தா, காந்தி வீதி சண்டே மார்க்கெட் என்று எல்லாம் அதில் பதிவாகும். பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. கேமரா டிராயருக்குப் போனது.

திடீரென்று ஒரு நாள் படம் தேவைப்படும். தாத்தாவின் நினைவு நாளுக்கு பேனர் அடிக்க வேண்டும். அவர் சிரித்தபடி இருக்கும் ஒரே படம் அந்தக் கேமராவில்தான் இருக்கிறது. அதே வயதுள்ள கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, கேபிளைத் தேடிப் பிடித்துச் செருகுவார்கள். அதோடு சரி. "டிடெக்ட் ஆகல" என்று வீட்டுப் பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிடும்.

அந்தத் தீர்ப்பு பாதி நேரம் அவசரத் தீர்ப்பு.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கேபிளைச் செருகியதும் விண்டோஸ் 'டிடிங்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தமே வரவில்லையென்றால் கேமராவைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் சந்தேகிக்கலாம். ஒழுங்கான யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கருப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விலை மலிவான சார்ஜிங் கேபிள்கள் சிலவற்றில் பச்சையும் வெள்ளையும் கிடையவே கிடையாது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்னொரு ஏமாற்றும் உண்டு. நிக்கான் கூல்பிக்ஸ் பலவற்றுக்கு 8 பின் கொண்ட தனிக் கேபிள். கண்ணுக்கு மினி யூ.எஸ்.பி. மாதிரியே தெரியும். மினியை அதில் திணிப்பவர்கள் கேமராவின் துளையைக் கெடுத்துவிட்டுத்தான் ஓய்வார்கள்.

கடலோர ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. உப்புக்காற்றில் பத்து வருடம் கிடந்த உலோக முனைகளில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் சில கேமராக்கள் அந்த நிமிஷமே பேச ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, மதர்போர்டோடு நேராக இணைந்த பின்பக்கத் துளையில் செருகுவதும் நல்லது. பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும். அந்தக் காலக் கேமராக்கள் பெரும்பாலானவை இந்தக் கேபிள் வழியாகச் சார்ஜ் ஏறாதவை.

அடுத்தது மெனு. பாரீஸில் வாங்கிய கேமரா பிரெஞ்சில் பேசும். படம் பார்க்கும் நிலைக்கு அதில் 'லெக்த்யூர்' என்று பெயர். கேமராவை ஆன் செய்து லெக்த்யூரில் வைத்தால்தான் சில மாடல்கள் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லும். லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரையே கூப்பிட்டுக் கேட்கலாம், கூகுளைவிட வேகம்.

சத்தம் வருகிறது, ஆனால் மை கம்ப்யூட்டரில் புதிய டிரைவ் எதுவும் தெரியவில்லை என்றால் கதை வேறு. கேமராக்கள் கம்ப்யூட்டரோடு இரண்டு பாஷைகளில் பேசும். ஒன்றில் பென்டிரைவ் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதற்கு மாஸ் ஸ்டோரேஜ் என்று பெயர். இன்னொன்று பி.டி.பி. என்ற படப் பரிமாற்ற முறை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டையும் புரிந்துகொள்ளும். விண்டோஸ் 98க்கு இரண்டுமே தெரியாது. கேமராவோடு வந்த சி.டி.யைப் போட்டால்தான் உண்டு. கேனான் பவர்ஷாட் பொதுவாக மாஸ் ஸ்டோரேஜ் பேசாது. எனவே எக்ஸ்பியில் அதற்கு E: என்றோ F: என்றோ எழுத்து கிடைக்காது, 'ஸ்கேனர்ஸ் அண்ட் கேமராஸ்' பகுதியில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். E:யை மட்டும் தேடுகிறவர் "டிடெக்ட் ஆகல" என்று கேபிளைப் பிடுங்கிவிடுவார். சோனி சைபர்ஷாட், பழைய கூல்பிக்ஸ் பலவற்றின் மெனுவில் எந்தப் பாஷை வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒன்றில் வராதது மற்றதில் வரும்.

இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குப் பதில் மெமரி கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டால் என்ன? நியாயமான கேள்விதான். பல நேரம் அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் பழைய கம்ப்யூட்டரோடு வந்த ரீடரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆன அதே 2006இல் எஸ்.டி. கார்டும் எஸ்.டி.எச்.சி. ஆனது. அளவும் வடிவமும் மாறவில்லை. உள்ளே கதவிலக்க முறை மட்டும் மாறிவிட்டது. பழைய எண் மட்டுமே தெரிந்த தபால்காரர் புதிய எண் போட்ட தெருவில் திணறுவதுபோல, 2 ஜிபியைத் தாண்டிய கார்டைப் பழைய ரீடர் படிக்கத் தெரியாமல் முழிக்கும். உடனே விண்டோஸ், 'இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?' என்று கேட்கும்.

'நோ' என்று அழுத்துங்கள். கை தவறி 'யெஸ்' அழுத்திவிட்டாலும் ஒப்பாரி வைக்க வேண்டாம். அதன்பிறகு அந்தக் கார்டில் ஒரு படம்கூடப் புதிதாக எடுக்காமல் தனியே வைத்துவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். அதை எழுதியவர் பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புதிய யூ.எஸ்.பி. ரீடரை எக்ஸ்பி கம்ப்யூட்டரில் செருகினாலே எஸ்.டி.எச்.சி. கார்டு படிக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

எதற்கும் மசியாத கேமராவுக்கு லினக்ஸ் இருக்கிறது. அதிலுள்ள ஜிஃபோட்டோ என்ற நிரல்தொகுப்பு 2,000க்கும் மேற்பட்ட கேமரா மாடல்களை அறியும். கோடக் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டு, கேமரா தொழிலையே விட்டுவிட்டது. ஆனால் அதன் ஈஸிஷேர் கேமராக்களின் பாஷை இன்னும் இந்தத் தொகுப்புக்கு ஞாபகம் இருக்கிறது.

இதைவிடப் பழைய படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களையும் அது டிஜிட்டலாக்கியது. ஒரு கண்ணாடி நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் மாப்பிள்ளையும் பொண்ணும் தெரிந்துவிடுவார்கள்; அதற்கு டிரைவர் சி.டி. வேண்டாம். 2005இன் கேமராவை வெயிலில் வைத்தால் சூடுதான் ஏறும்.

அதனால் ஒரு வேண்டுகோள். செத்துப்போன கேமரா என்று பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன், அடிமூடியைத் திறந்து கார்டை எடுத்துவிடுங்கள். கார்டே இல்லையென்றாலும் அவசரப்பட வேண்டாம். அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் 16 எம்பி, 32 எம்பி என்று உள்நினைவகம் உண்டு; கார்டு போடாமல் எடுத்த படங்கள் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். அவற்றை மெனு வழியாகக் கார்டுக்கு நகலெடுக்கலாம். மெனுவில் அந்த வசதி இல்லையென்றால் நான்கு கம்பியும் உள்ள கேபிளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.