முகத்துக்கு அமிலம் பூசலாமா?

என் வலது கன்னத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. 1990இல் வேலணையை விட்டு இடம்பெயர்ந்தபோது செல் துண்டு பட்டது. அப்போது எனக்கு 12 வயது.

சில வருடங்களுக்கு முன் மச்சாளின் மகளுக்குக் கலியாணம் வந்தது. யாழ்ப்பாணத்துக் கடையொன்றில், "இதைப் பூசுங்கோ அக்கா, ஒரு கிழமையில தழும்பே தெரியாது" என்று பெயர்ச்சீட்டு இல்லாத சிறிய டப்பி ஒன்றைத் தந்தார்கள். பத்து நாளில் முகம் பளபளத்தது உண்மைதான். இரண்டு மாதத்தில் தோல் மெலிந்து சிவந்தது. வெயில் பட்டாலே எரிந்தது. தழும்பு அப்படியே இருந்தது. அதில் ஸ்ரெரொயிட் கலந்திருக்கும் என்றார் தோல் வைத்தியர். திடீரென நிறுத்தினாலும் முகம் மோசமாகும் என்று படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்.

அமிலப் பூச்சு என்பது வேறு என்பதை அன்றுதான் அறிந்தேன். தோலின் மேற்படையில் இறந்த கலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டைத் தளர்த்தி அவற்றை உதிரச் செய்வதே இவ்வமிலங்களின் வேலை. புளித்த பாலிலும் தயிரிலும் உண்டாகும் லக்ரிக் அமிலம் மென்மையானது; வறண்ட தோலுக்கு ஏற்றது. கரும்பிலும் காணப்படும் கிளைக்கோலிக் அமிலம் விரைவாக உள்ளே இறங்கும். அதனால் எரிவும் கூட. சலிசிலிக் அமிலம் எண்ணெய்யில் கரையும். ஆகவே துவாரங்களுக்குள் சென்று பருவைக் குறைக்கும். அஸ்பிரின் ஒவ்வாதவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் எதையும் வைத்தியரைக் கேட்டே பூசவேண்டும்.

வாங்கும்போது வீதத்தைப் பாருங்கள். சலிசிலிக் 2 வீதம், மற்ற இரண்டும் 5 முதல் 10 வீதம் வீட்டுப் பாவனைக்குப் போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பொறுங்கள். பிறகு கிழமைக்கு ஒரு தடவை, இரவில் மட்டும். அன்று பயற்றம்மா போட்டுத் தேய்க்க வேண்டாம். எங்கள் உவர்க் கிணற்று நீரும் சவர்க்காரமும் ஏற்கனவே தோலை வறட்டிவிடுகின்றன. அதன்மேல் அமிலமும் சேர்ந்தால் வெடிக்கும். பூசியபின் ஈரப்பதன் தரும் கிறீம் ஒன்று தேவை.

வெயில்தான் பெரிய சங்கடம். அமிலம் பூசிய தோல் வெயிலை எளிதில் தாங்காது. பண்ணைப் பாலத்தைச் சைக்கிளில் கடப்பவர்களும் கடற்கரையில் கருவாடு காயப்போடுபவர்களும் வெயிலுக்கு மறைப்பில்லாமல் இதைப் பூசினால், உள்ள கருமையும் கூடும். சன்ஸ்கிறீம் விலை எல்லோருக்கும் கட்டாது. குடையாவது, சேலைத் தலைப்பாவது வேண்டும். தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போவது இன்னும் மோசம். தோல் கொப்புளித்துக் கருகிவிடும்.

வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரோடு படுத்துறங்கும் பிள்ளைக்கும் போய்ச்சேரும். பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. ஆனாலும் பெயர்ச்சீட்டில்லாத டப்பிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

என்னைப்போல் காயத்தழும்பு உள்ள சகோதரிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அமிலம் மேற்றோலைத்தான் தொடும். தழும்பு அதற்கும் ஆழத்தில் இருக்கிறது. தடித்த தழும்புக்கு சிலிக்கன் தாளும், தழும்புக்குள்ளேயே போடும் ஊசியும் உண்டு. அவற்றைத் தோல் கிளினிக்கில்தான் கேட்கவேண்டும். நான் கேட்டபோது, பழைய தழும்பு முற்றாக மறையாது என்று வைத்தியர் நேராகவே சொன்னார். கடைக்காரர் சொன்னதைவிட அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது சனி இரவுகளில் லக்ரிக் அமிலம் பூசுகிறேன். கன்னத்தின் சொரசொரப்புக் குறைந்திருக்கிறது. குடையை வீட்டில் மறந்துவிட்டால் அந்தக் கிழமை பூசுவதில்லை.