தந்தையே ஆயினும்

பீங்கான் நகர் எனப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வாழும் நாம் களிமண்ணின் இயல்பை நன்கு அறிவோம். பச்சை மண்ணில் பதிந்த விரல் தடம் சூளையில் வெந்தபின் அழிவதில்லை. குழந்தைப் பருவமும் அத்தகையதே. அப்பருவத்தில் பெற்றவர் கையே மதுவை ஊட்டுமாயின், அத்தடம் எங்ஙனம் அழியும்?

சளி பிடித்த குழந்தைக்கு ஒரு கரண்டி பிராந்தி புகட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. விருந்து நாளில் விளையாட்டாக ஒரு வாய் கொடுத்து மகிழ்வோரும் உளர். 2015ஆம் ஆண்டு திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறுவனுக்கு மது புகட்டிய காட்சி எங்கும் பரவியது. கைதானவர்களுள் அவனுடைய உறவினரும் இருந்தார்.

"என் பிள்ளைக்கு நான் கொடுக்கிறேன், கேட்க நீ யார்?" என்பாருக்குச் சட்டம் விடை கூறுகிறது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2016 சனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிறையாத எவரும் இச்சட்டப்படி குழந்தையே. குழந்தைக்கு மது, போதைப்பொருள், புகையிலைப் பொருள் ஆகியவற்றைக் கொடுப்பவர் எவராயினும், அவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது 77ஆம் பிரிவு. 'எவராயினும்' என்பதே இதன் உயிர்நாடி. பெற்றோருக்கெனத் தனி விலக்கு இல்லை. தகுதிபெற்ற மருத்துவரின் ஆணை ஒன்றே விலக்கு. பாட்டியின் கைவைத்தியம் அதில் அடங்காது. மதுவைச் சுமக்கவோ விற்கவோ குழந்தையைப் பயன்படுத்துவோருக்கும் 78ஆம் பிரிவு இதே தண்டனையை வகுத்துள்ளது. புட்டி வாங்கிவர மகனை அனுப்பும் தந்தையர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டம், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பதை மட்டுமே குற்றமாக்கி, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை வீட்டில் பெற்றோரின் பொறுப்பில் விட்டது. நம் சட்டமோ வீட்டு வாயிலோடு நின்றுவிடவில்லை. தமிழகத்தில் 21 வயது நிறையாதவருக்கு மதுக்கடையில் விற்றல் கூடாது. கடைக்காரரும் கொடுக்கக் கூடாத ஒன்றைத் தந்தை கொடுப்பது முறையோ?

எனினும், எந்தக் குழந்தை தன் தந்தைமீது புகார் கூறும்? ஆதலின் காண்பவர் வாய் திறத்தல் வேண்டும். 1098 என்னும் எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை எவரும் அழைக்கலாம். மதுவை இசுலாம் முற்றாக விலக்கியது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இவற்றை மேடையில் மொழியும் நாம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும் ஒரு சொல் மொழிவோமாக.