மூன்று லூப்பும் ஒரு கனசதுரமும்

சிறுமலைத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் இன்றும் குதிரை முதுகில் சாலைக்கு வருகிறது. ஒற்றைத் தாருக்காக யாரும் குதிரையை இறக்குவதில்லை. கணினிக்குள்ளும் இதே கணக்குதான்: பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள கேஷ் சிறியது, மெமரிக்குப் போய்வரும் நேரமோ ஒரு பெருக்கலுக்கு ஆவதைப்போல் பல மடங்கு. அதனால் ஒருமுறை கொண்டுவந்ததை முடிந்தவரை பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

1000-க்கு 1000 அளவில் இரண்டு அணிகளைப் பெருக்க மூன்று லூப் போதும். பெருக்கல்கள் 100 கோடி. முன்பெல்லாம் இதை வேகமாக்க, புரோகிராமர் அணிகளைக் கையால் 32-க்கு 32 கட்டங்களாக உடைப்பார். ஒரு கட்டம் 8 கேபி. மூன்று அணிக்கும் சேர்த்து 24 கேபி, 32 கேபி கேஷுக்குள் அடங்கிவிடும். ஆனால் மூன்று லூப் ஆறாகும். எல்லையில் ஒன்று பிசகினால் புரோகிராம் ஒழுங்காக ஓடி முடியும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இதற்கு வழிகாட்டியது வடிவியல். லூப்பின் ஒவ்வொரு சுற்றையும் ஒரு புள்ளியாக வையுங்கள். எல்லைகள் தட்டையான சுவர்களாகும். உள்ளே அடைபடுவது குழிவே இல்லாத பன்முகத் திண்மம். இந்தப் பெருக்கலுக்கு அது ஒரு கனசதுரம். ‘இது முடிந்த பிறகே அது’ என்ற கட்டாயங்களும் சமனிலிகளாகிவிடுகின்றன. எந்தெந்த வரிசையில் சுற்றினால் விடை மாறாது என்பதை அந்தச் சமனிலிகளைத் தீர்த்தே நிரூபிக்கலாம். எனக்கு இதில் மிகப் பிடித்தது இந்த நிரூபணம்தான். வேகம் அதற்குப் பிறகு. 1974-இல் லெஸ்லி லாம்போர்ட் தொடங்கிய பாதையை, பிரான்சின் பால் ஃபோத்ரியே 1990-களின் தொடக்கத்தில் முறையான கணக்காக்கினார்.

அதைக் கைக்கு எட்டவைத்ததில் சென்னை ஐஐடிக்குப் பெரிய பங்கு உண்டு. 2008-இல் ‘புளூட்டோ’ என்ற கருவி பற்றிய ஆய்வுக்கட்டுரையை எழுதிய நால்வரில் உதய் பொந்துகுலா, ஜே. ராமானுஜம், பி. சடையப்பன் மூவரும் அங்கே பி.டெக். படித்தவர்கள். சி மொழியில் சாதாரண லூப்பை எழுதிக் கொடுத்தால், புளூட்டோ அதைக் கட்டங்களாக உடைத்து, பல கோர்களுக்குப் பங்கிட்டு, புதிய நிரலாகவே திருப்பித் தருகிறது.

இன்று பொந்துகுலா பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். செயற்கை நுண்ணறிவு மாடல்களுக்கான கம்பைலர்களிலும் இதே கணக்கு புகுந்துவிட்டது. கைதேர்ந்தவர்கள் ஒரு சிப்புக்கென்றே செதுக்கிய நிரல் நூலகங்களை எல்லா இடத்திலும் அது முந்திவிடவில்லை. சுட்டியைப் பிடித்துத் தாவிப்போகும் தரவுகளிடமும் அது திணறும். அங்கே எல்லைகள் சுவராக நிற்பதில்லை. ஆனால் புதிதாக ஒரு சிப் வரும்போது ஆறு லூப்பையும் மறுபடி கையால் எழுதவேண்டிய வேலை பெருமளவு குறைகிறது.