தாழ்வாரத்துப் பாட்டுகள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் வளர்ந்து ஐம்பதைத் தாண்டிய தமிழர் ஒருவரைப் பிடித்து, சின்ன வயதில் தொலைக்காட்சியில் கேட்ட தொடர்ப் பாட்டு எதையாவது பாடச் சொல்லிப் பாருங்கள். முதலில் வாயில் வருவது சீனப் பாட்டாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சொற்கள் அரைகுறையாக வரும். பாதி இடத்தில் வெறும் 'ல ல லா'தான். மெட்டு மட்டும் பிசகாது. பெரும்பாலும் அது 1984இல் சிங்கப்பூர் ஒளிபரப்புக் கழகமான எஸ்பிசி எடுத்த 'தி அவேக்கனிங்' தொடரின் தலைப்புப் பாடலாக இருக்கும். ஹோங் ஷாவ்ஷுவான் பாடியது. சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இந்த மண்ணில் பட்ட கஷ்டத்தைச் சொன்ன தொடர். ஹுவாங் வென்யோங்கும் சியாங் யூனும் நடித்தார்கள். எங்கள் புளோக்கில் அந்தப் பாட்டை முணுமுணுக்காத தமிழ்ப் பிள்ளை கிடையாது.

இதற்குக் காரணம் எங்கள் ரசனை அல்ல, அன்றைய ஏற்பாடு. சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15ஆம் தேதி வந்தது. கலாசார அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்தினம் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது ஒளிவழியும் வந்தது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு, ஒளிவழி 5இல் ஆங்கிலமும் மலாயும், ஒளிவழி 8இல் சீனமும் தமிழும் என்று நான்கு மொழிகளும் இரண்டு வீட்டில் ஒண்டுக்குடித்தனம் நடத்தின. தமிழுக்குக் கிடைத்தது செய்தி, கொஞ்சம் நாடகம், அவ்வப்போது ஒரு படம். தமிழ்ச் செய்தியைத் தவறவிடக் கூடாது என்று அப்பா முன்னாடியே பெட்டியைப் போட்டுவிடுவார். செய்தி முடிந்ததும் எழுந்து போய் அணைக்க யாருக்கும் மனசு வராது. செய்திக்கு முன்னால் வந்ததும் சீனம், பின்னால் வந்ததும் சீனம். தமிழுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் நாங்கள் சீனப் பாட்டுப் படித்தோம்.

எங்கள் ஊரின் அமைப்பும் இதற்குத் தோதாக இருந்தது. சதுப்பும் காய்கறித் தோட்டமும் கம்பமுமாகக் கிடந்த இடத்தில் 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக எழுப்பிய நகர் தோ பாயோ, குவீன்ஸ்டவுனுக்கு அடுத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய மனிதர்களுக்குக் காட்டுவதற்கென்றே லோரோங் 5இல் மூன்று சிறகுள்ள 53ஆம் புளோக் இருந்தது. 1972இல் எலிசபெத் அரசியாரையும் அங்கேதான் அழைத்துவந்தார்கள். அரசியார் பார்த்தது அந்தப் புளோக்கின் உச்சியிலிருந்து தெரியும் தோ பாயோ. நாங்கள் இருந்தது நீளநீளமான பொதுத் தாழ்வாரங்களில். வரிசையாக வீடுகள், இரும்புக் கிராதிக்குப் பின்னால் திறந்தே கிடக்கும் கதவுகள், கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஜன்னல்கள். ஒரு வீட்டில் பெட்டி பாடினால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும். ஐந்து வீட்டிலும் அதே ஒளிவழி ஓடினால் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து போகும்போது பாட்டு அறுபடாமல் கூடவே வரும். மாலையில் கடையிலிருந்து திரும்பும் யாருக்கும் கைக்கடிகாரம் தேவைப்படவில்லை.

எதிர்வீட்டு மலாய் அம்மாவான மக்சிக்குக்கும் சீனத் தொடர் பைத்தியம் உண்டு. தலைப்புப் பாடல் எழுந்ததும், "சுடா முலா!" என்று தாழ்வாரத்தில் குரல் கொடுப்பார். ஆரம்பித்துவிட்டதாம். "யாலா, மக்சிக்!" என்று அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவருவார். இருவருக்கும் சீனம் தெரியாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் அந்தச் சொற்கள் முழுசாகத் தெரியாது. அவர் வீட்டில் பேசியது ஹொக்கியன். 1979இல் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கிய பிறகு, ஹாங்காங்கிலிருந்து வந்த கேன்டனீஸ் தொடர்களுக்குக்கூட மாண்டரின் குரல் கொடுத்துத்தான் ஒளிபரப்பினார்கள். ஆக, ஆன்ட்டியும் எங்களைப் போலவே பாதிச் சொல்லும் பாதி முனகலுமாகத்தான் பாடிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். மொழி புரியாதவர்கள் எல்லாரும் மெட்டைப் பிடித்துக்கொண்டோம். தலைப்புப் பாடல் என்ற சங்கதியே அதற்காகச் செய்யப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். அதன் முதல் வேலை, அறையில் இல்லாத ஆளை அறைக்குள் கூட்டிவருவது. கதையைச் சொல்வதும் பெயர்களை ஓட்டுவதும் அப்புறம்.

அந்த வேலையைத் தமிழில் பிசிறில்லாமல் செய்து காட்டியவர் என்று இசையமைப்பாளர் தினாவைச் சொல்வேன். 1999இன் கடைசியில் சன் டிவியில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியது. இங்கே கேபிள் வைத்திருந்தவர்கள் கேபிளில் பார்த்தார்கள். வைத்திராதவர்கள் தேக்கா வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பாட்டைப் பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன், டி.கே. பட்டம்மாளின் பேத்தி. சபாவில் மூன்று மணி நேரம் பாடிப் பழகிய சாரீரத்தைக் கொண்டுவந்து, ஒரு நிமிடச் சொச்சத்தில் அடக்கி, எடுத்த எடுப்பிலேயே எட்டத்துக்குக் கேட்கிற மாதிரி பாட வைத்திருக்கிறார் தினா. குக்கர் விசிலையும் மிக்சியையும் தாண்டி அது அடுக்களைக்குள் வரும். 2002இல் வந்த 'மெட்டி ஒலி'க்கும் அதே தினா, அதே நித்யஸ்ரீ. ஆனால் வழி வேறு. முதல் சொல்லையே திரும்பத் திரும்ப அடித்து, கிராமத்துத் தாளத்தில் ஏற்றிவிட்டார். அந்தத் தலைப்புக் காட்சியில் ஆடிய சாந்தி மாஸ்டருக்கு 'மெட்டி ஒலி சாந்தி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொடரில் வந்த மாப்பிள்ளைகளின் பெயரை மறந்தவர்களுக்கும் அந்த ஆட்டம் மறக்கவில்லை.

பாட்டில்லாமலும் ஆளைக் கட்டிப்போட முடியும் என்பதற்கு 'விடாது கருப்பு' தொடர் இருக்கிறது. ராஜேஷ் வைத்யாவின் இசை தொடங்கினால் போதும், எங்கள் வீட்டுச் சின்னதுகள் போர்வைக்குள் போய்விடும். அமெரிக்காவில் லாலோ ஷிஃப்ரின் 'மிஷன் இம்பாசிபிள்' தொடருக்கு ஐந்தெண்ணிக்கையில் ஓர் இசை போட்டார். நாலெண்ணிக்கையில் பழகிய மேற்கத்தியக் காதுக்கு அது நொண்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு பரபரப்பு. கண்ட நடை கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அவ்வளவு விநோதமில்லை, ஆனாலும் விடாது. மனதை விட்டுப் போகாத பாட்டுகளைப் பற்றி இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி யாகுபோவ்ஸ்கி குழுவினர் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கொஞ்சம் வேகமான நடை, எங்கேயோ கேட்டது போன்ற மெட்டின் ஏற்ற இறக்கம், நடுவில் எதிர்பாராத ஒரு தாவல் இவையெல்லாம் இருந்தால் பாட்டு ஒட்டிக்கொள்ளுமாம். சரியாகத்தான் இருக்கும். ஆனால் தாழ்வாரம் அந்தக் கணக்கில் இல்லை. 'தி அவேக்கனிங்' பாட்டு அப்படியொன்றும் வேகமானதில்லை. அதை நாங்கள் தேடிக் கேட்கவும் இல்லை. வேண்டாம் என்றாலும் தினம் காதில் விழுந்தது. விழுந்து விழுந்து உள்ளே தங்கிவிட்டது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1990களின் நடுவில் தமிழ் நிகழ்ச்சிகள் ஒளிவழி 8ஐ விட்டு 12க்குக் குடிபெயர்ந்தன. 2000இல் வசந்தம் சென்ட்ரல். 2008 அக்டோபர் 19ஆம் தேதி வசந்தம் தனி ஒளிவழியானது. அன்று இந்தியச் சமூகம் அடைந்த மகிழ்ச்சி சின்னதல்ல. யாரிடமும் நேரம் இரவல் வாங்க வேண்டியதில்லை. 2005 'வசந்தம் ஸ்டார்' போட்டியில் வென்ற ஷபீர் போன்ற உள்ளூர்க் கலைஞர்கள் இசையமைப்பாளர்களாக வளர இடம் கிடைத்தது. 2012 தேசிய தினத்துக்கு அவர் தந்த 'சிங்கை நாடு' பாடலைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிறார்கள். சென்னையை எதிர்பார்க்காமல் இங்கேயே மெட்டுப் போட்டு, இங்கேயே பாடி, இங்கேயே படமெடுத்த தலைப்புப் பாடல்கள் வந்தது வசந்தத்தால்தான். பழைய ஏற்பாடே நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வசந்தம் தனியாகக் கிளம்பி சில வாரங்களுக்குள், அதே 2008 நவம்பரில், ஒளிவழி 8இல் 'தி லிட்டில் நோன்யா' வந்தது. ஊரே பேசிய தொடர். ஒலிவியா ஓங் பாடிய அதன் பாட்டு காபிக்கடையிலும் டாக்சியிலும் ஓடியது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு தெரியாது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் வசந்தம் ஓடிக்கொண்டிருந்தது. சீனத் தொடரை உட்கார்ந்து பார்க்கும் தமிழர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. காத்திருந்த நேரத்தில் காதில் விழுந்ததால் கற்றுக்கொள்ளும் பழக்கம்தான் நின்றுபோனது.

தாழ்வாரமும் மாறியது. குளிர்சாதனம் வந்ததும் முதலில் ஜன்னல் மூடியது, பிறகு கதவு. புதிதாக எழும்பிய உயரக் கட்டடங்களில் ஒரு மாடிக்குச் சில வீடுகள்தான். மின்தூக்கியை விட்டு இறங்கினால் நாலு எட்டில் வீட்டுக்குள் போய்விடலாம். தொலைக்காட்சி நிலையமே இப்போது பக்கத்தில் இல்லை. தோ பாயோவுக்கு அருகே கால்டிகாட் குன்றில் 1966 முதல் இருந்த நிலையம் அது. ஓர் எட்டு நடந்தால் நடிகர்கள் யாரையாவது பார்க்கலாம் என்று பிள்ளைகள் அலைந்த இடம். 2011இல் தோ பாயோ ரைசில் கால்டிகாட் எம்ஆர்டி நிலையம் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில், தொலைக்காட்சி நிலையத்தை நடத்திய மீடியாகார்ப் ஒன் நார்த்துக்குப் போய்விட்டது. ரயில் வந்த நேரம், நடிகர்கள் கிளம்பிவிட்டார்கள்!

இன்று தொடர் பார்க்கிறவர் காதில் செவிப்பொறி. எதிரே கைப்பேசி. ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் தலைப்புப் பாடலைத் தாண்டிப்போக ஒரு பொத்தான் வைத்தது. அந்தப் பொத்தான் உலகெங்கும் ஒரே நாளில் 13 கோடியே 60 லட்சம் முறை அழுத்தப்படுவதாக 2022இல் அந்த நிறுவனமே பெருமையோடு அறிவித்தது. இப்படி ஒரு நாளில் மிச்சமாகும் நேரத்தைக் கூட்டினால் 195 ஆண்டுகள் வருமாம். மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன செய்தோம் என்பதற்கு அவர்களிடம் கணக்கு இல்லை. பொத்தானையும் குறை சொல்ல முடியாது. ஆள் ஏற்கெனவே திரை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, யாரைக் கூப்பிடப் பாட்டு?

அதனால் பாட்டு வேறு வேலை தேடிக்கொண்டது. தொடர் தொடங்கும் முன்பே முழுநீளப் பாடலாக யூடியூபில் ஏறுகிறது. அதற்கென்று தனிப் படப்பிடிப்பு, தனி ரசிகர்கள். ஒலிப்பதிவின் தரத்தில் பழையவை கிட்ட நிற்க முடியாது. பிடித்தவர்கள் தேடிப் போய்க் கேட்கிறார்கள், பிடிக்காதவர்கள் காதில் விழுவதே இல்லை. மக்சிக்குகளுக்கும் ஆன்ட்டிகளுக்கும் வழியில்லாமல் போனது இங்கேதான்.

பழைய பாட்டுகளின் கதி இன்னும் விசித்திரம். லோரோங் 1 பக்கம் புது வீட்டில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. 'மெட்டி ஒலி' ஓடிய காலத்தில் அவன் பிறக்கவில்லை. ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. போன தீபாவளிக்கு அவன் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த மெட்டைத் தாளம் தப்பாமல் முணுமுணுத்தான். எங்கேடா பிடித்தாய், இது எந்தத் தொடர்ப் பாட்டு தெரியுமா என்று கேட்டேன். "தொடரா? இது மீம் பாட்டு மாமா" என்றான். மாமியாரைக் கிண்டல் செய்கிற குட்டி வீடியோக்களில் எல்லாம் இதைத்தான் பின்னால் போடுகிறார்களாம். அவன் வகுப்பில் மலாய்ப் பையன்களுக்கும் தெரியுமாம்.