வெள்ளைத் தட்டில் வேலம்பாசி

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் ஒன்றுகூடினால் நீர்ச்செடிகள் கைமாறுவது வழக்கம். ஒருவரிடம் மிஞ்சிய கொடி மற்றவர் தொட்டிக்கு விலையின்றிச் செல்கிறது. நல்ல பழக்கந்தான்; எனினும், பெயரறியாச் செடியைப் பகிர்வது தீங்காய் முடிவதும் உண்டு.

நம் குளங்களில் தானே வளரும் வேலம்பாசியையே பார்ப்போம். 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியே இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை அடைந்த இச்செடி, 1960 அளவில் அங்குள்ள நீர்நிலைகளில் வேரூன்றியது. பின்னர் படகுப் போக்குவரத்துக்கும் நீரோட்டத்துக்கும் தடையாயிற்று. அதனை அடக்க அம்மாநிலம் இன்றும் பெரும்பொருள் செலவிடுகிறது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, ஊதாப் பூப் பூக்கும் ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக் கிடப்பதும் இதுபோன்ற கதையன்றோ!

தொட்டிகளில் வளர்க்கப்பெறும் எகேரியா என்னும் தென்னமெரிக்கச் செடி வேலம்பாசியைப் போலவே தோன்றும். பிரித்தறிவது எங்ஙனம்? பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வெள்ளைத் தட்டுக்குப் பஞ்சமில்லை. அதில் சிறிது நீர் விட்டுச் செடியைப் பரப்புவோம். கணுவில் உள்ள இலைகளை எண்ணுவது மட்டும் போதாது. தொட்டும் பார்க்க வேண்டும். வேலம்பாசியின் இலை விளிம்பு அரம்போல் சொரசொரக்கும். சேற்றில் அதற்குச் சிறு கிழங்குகளும் உண்டு. எகேரியாவின் இலை மென்மையானது, அதற்குக் கிழங்கில்லை.

கணுவுள்ள சிறு துண்டும் புதுச்செடியாகும். ஆதலின் தொட்டியில் மிஞ்சியதை மணிமுத்தாற்றிலோ குளத்திலோ எறியாமல், வெயிலில் நன்கு உலர்த்தி எருக்குழியில் இடுவோம். செடியைக் கொடுக்கும்போது அதன் பெயரையும் சேர்த்துக் கொடுப்போம். நம் பிள்ளைகளுக்கும் இதனைப் பழக்குவோம்.