விலைபோகாத வீடும் விற்க இயலாத வீடும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்" என்றனர் முன்னோர். இன்றைய மலைநாட்டில் அவர்கள் வாழ்ந்தால், "வீட்டை விற்றுப்பார்" என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்வர். அட்டனிலும் நுவரெலியாவிலும் விற்பனைப் பலகை மாட்டியும் மாதக்கணக்கில் வாங்குவாரின்றிக் கிடக்கும் வீடுகள் உள. பிள்ளைகள் கொழும்புக்கோ கடல் கடந்தோ சென்றுவிட, முதுமையில் தனித்திருக்கும் பெற்றோர்க்கு இத்தாமதம் பெருங்கவலை அன்றோ? விலையைக் குறையுங்கள் என்பார் தரகர். அதற்குமுன், வாங்க வருபவர் எதற்கு அஞ்சுகிறார் என்று ஆராய்வதே அறிவுடைமை.

முதல் அச்சம் மலையைப் பற்றியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்ட லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டின் பல இடங்களில் மண்சரிவுகள் நேர்ந்தன. ஆதலால் வருபவர் சுவரின் வர்ணத்தைக் காட்டிலும் வீட்டின் பின்னுள்ள மண்மேட்டையே கூர்ந்து நோக்குகிறார். வர்ணத்திற்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை வடிகாலுக்கும் தாங்குசுவருக்கும் செலவிடுவது மேல். அபாயம் உண்டா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் முன்னரே கேட்டறிந்து வைத்தலும் நன்று. வெயில் நாளில் மட்டுமன்றி மழைநாளிலும் வீட்டைக் காட்டுங்கள். ஒழுக்கில்லாத கூரையைக் கண்ணாற் கண்டவருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது அச்சம் உறுதியைப் பற்றியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் கையொப்பமிடப்படல் வேண்டும். வாங்குபவரின் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் வழக்கமாக 30 ஆண்டுப் பதிவுகளைத் துருவிப் பார்ப்பார். தந்தையின் சொத்து சகோதரர் பலருக்குப் பிரிக்கப்படாமல் கிடந்தால், அனைவரது சம்மதமும் வேண்டும். வெளிநாட்டிலுள்ளவரின் அற்றோர்னித் தத்துவத்தையும் நில அளவைப் படத்தையும் ஆயத்தமாக வைத்திருப்போர், வந்தவரை வீணே காக்க வைக்கமாட்டார்.

உறுதியைக் குறித்துக் கவலைப்படுவதற்கும் கையில் ஓர் உறுதி இருத்தல் வேண்டும். அது இல்லாதோர் நம் அயலிலேயே உளர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். தேயிலைத் தோட்டங்கள் பெருகிய காலந்தொட்டுத் தொழிலாளர் லயங்களிற் குடியிருக்கின்றனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், லயத்து அறை மட்டும் குடியிருந்தவர்க்குச் சொந்தமாகவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரவர் இந்தியா சென்றபோது, தலைமுறைகளாக வாழ்ந்த அறையை விற்றுச் செல்லும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டனர்.

அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எழுந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு பெறுவோர் சாவியோடு நின்றுவிடாது, தம் பெயரில் முறையாகப் பதிவான உறுதியையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். உடனே விற்றுவிடுவதற்காக அன்று. பிள்ளைக்கு எழுதிவைக்கவும், அவசரத்திற்கு ஈடுவைக்கவும், எவர் விலை கேட்டாலும் "விற்கமாட்டேன்" என்று மறுக்கவும் அவ்வுறுதி வேண்டும்.

ஆகவே, வாங்குவார் வரவில்லையே என வருந்தும் அன்பர்கள் ஆத்திரப்பட்டு அரைவிலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். வடிகாலைச் சீர்செய்து, பத்திரங்களை ஒழுங்குபடுத்தி, சற்றுப் பொறுத்திருங்கள். காத்திருந்து விற்பதும் சொந்தக்காரருக்கே உரிய பாக்கியம்.